முட்டைப் பந்தும் உண்டிப் பெட்டியும்

மழைக்காலத்து மாலைப் பொழுதில் மும்பைக் கோட்டைப் பகுதி அலுவலகங்களிலிருந்து ரயிலடியை நோக்கி நடக்கும் நம்மவர் பலர், ஆசாத் மைதானத்தை அடுத்த பம்பாய் ஜிம்கானாவின் புல்வெளியில் விந்தையான ஓர் ஆட்டத்தைக் கண்டிருக்கக் கூடும். களம் சேறாகிக் கிடக்கும். பந்தோ உருண்டை வடிவினதன்று. கோழி முட்டையைப்போல் நீண்டிருக்கும். அதனை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான்; இருவர் மூவர் பாய்ந்து அவனை வீழ்த்துவர்; வீழ்ந்தவன் எழுந்து, வீழ்த்தியவனின் தோளைத் தட்டிவிட்டு மீண்டும் ஓடுவான். இஃது ஆட்டமா, அடிதடியா என்று ஐயுற்றவாறே குடையைப் பிடித்துக்கொண்டு கடந்து சென்றவர்களும் நம்முள் இருப்பர். அவ்வாட்டத்தின் பெயர் ரக்பி. அதனை ஊதியமின்றி ஆடுவோர், புற்றுநோயால் வருந்துவோர் பொருட்டுப் பணம் திரட்டும் வழக்கம் ஒன்று மேலைநாடுகளில் ஊர்தோறும் வேரூன்றியிருக்கிறது. அவ்வழக்கத்தைப்பற்றி இத்திங்கள் நம் நேயர்களுக்குச் சில சொல்ல விழைகிறோம்.

ஆட்டத்தின் இலக்கணத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பக்கத்துக்கு 15 பேர். ஆட்ட நேரம் 80 நிமிடங்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. பின்னால் வரும் தோழனுக்கே கொடுத்தல் வேண்டும். ஆகவே முன்னேறிச் செல்ல விரும்புவோன் ஒவ்வொருமுறையும் தனக்குப் பின்னால் வருவோனை நம்பியே ஆகவேண்டும். சடுகுடு ஆடிப் பழகிய நம் இளைஞர்க்கு இதன் சுவை எளிதில் விளங்கும். 'விஸ்வரூபம்' திரைப்படத்தில் நம்மையெல்லாம் நடுங்கவைத்த ராகுல் போஸ், 1998-ஆம் ஆண்டு இந்திய நாட்டின் சார்பில் இவ்வாட்டம் ஆடியவர் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

ரக்பியின் வரலாற்றில் பணத்துக்கும் ஆட்டத்துக்கும் இருந்த பகையை அறிந்தாலன்றி நாம் கூறவந்த பொருள் விளங்காது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்துச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள் இவ்வாட்டத்தில் வல்லவர்களாயினர். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அரைநாட் கூலி போயிற்று. அந்த இழப்பை ஈடுசெய்தால் போதும் என்றனர் அவர்கள். தலைமைச் சங்கத்தில் வீற்றிருந்த செல்வர்களோ ஒரு செப்புக்காசும் கூடாது என்றனர். 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் ஹட்டர்ஸ்பீல்டு நகரத்து விடுதி ஒன்றில் இருபதுக்கும் மேற்பட்ட வடபுலக் கழகங்கள் கூடிப் பிரிந்து சென்றன. எஞ்சிய பெருஞ்சங்கம் சரியாக நூறு ஆண்டுகள் பிடிவாதமாக நின்று, 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் ஆட்டக்காரர் ஊதியம் பெறலாம் என்று இசைந்தது. இடைப்பட்ட காலத்தில் அதன் கெடுபிடி எத்தகையது தெரியுமா? நாடு போற்றிய தலைவர்கள் ஓய்வுபெற்ற பின்னர்த் தம் வரலாற்றை நூலாக எழுதி, அதன் வருவாயைத் தாமே வைத்துக்கொண்டால்கூட, 'இவர் காசுக்கு ஆடியவர்' என்று முத்திரை குத்தப்பட்டு ஊர்க் கழகத்தில் இளைஞர்க்குப் பயிற்சி தரவும் தடை விதிக்கப்பட்டனர். 1982-ஆம் ஆண்டு இங்கிலாந்து அணியின் தலைவர் பில் போமான்டுக்கு நேர்ந்தது இதுவே.

உழைப்பாளிக்கு அரைநாட் கூலி மறுத்ததை நாம் நேர்மை என்று கொள்வதற்கில்லை. பசியில்லாதவன் உண்ணாநோன்பின் பெருமையைப் பேசுவது எளிது. ஆயினும் அந்தப் பிடிவாதத்தினின்று எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. ஆட்டத்தால் வரும் காசு ஆடியவன் பைக்குச் செல்லலாகாது எனின், அது வேறெங்கேனும் சென்றுதானே ஆகவேண்டும்? களத்தைச் செப்பனிடலாம், இடுப்பொடிந்த தோழனுக்கு உதவலாம், ஊர் மருத்துவமனைக்கு அளிக்கலாம். இவ்வாறு பிறர் பொருட்டுத் திரட்டுதல் அக்கழகங்களுக்கு இயல்பான பழக்கமாயிற்று. ஊதிய ஆட்டம் வந்த பின்னரும் சிற்றூர்க் கழகங்களில் ஆடுவோர் இன்றளவும் ஒரு காசும் பெறாதவரே. தச்சர், ஆசிரியர், லாரி ஓட்டுநர், கணக்கர் எனப் பலதிறத்தார் சனிக்கிழமை கூடி ஆடி, திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே வேலைக்குப் போகின்றனர்.

உரிமையாளர் இல்லாத பணத்தை என்ன செய்வது என்னும் கேள்விக்கு மிகப் பழைய விடை ஒன்று நம் நாட்டிலேயே கிடைத்தது. கொல்கத்தாவில் வாழும் நம் அன்பர்கள் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளலாம். 1872-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அந்நகரில் ஆங்கிலேயர் 20 பேர் ஒருபுறமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டினர் 20 பேர் மறுபுறமும் நின்று ரக்பி ஆடினர். அவ்வெழுச்சியில் அடுத்த மாதமே கல்கத்தா கால்பந்துக் கழகம் தோன்றியது. பெயர் கால்பந்தாயினும் ஆடியது முட்டைப் பந்தே. உறுப்பினர் திரளாகச் சேர்ந்தனர். இலவசமாக மது வழங்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பர். அவ்வழங்கல் நின்றவுடன் கூட்டமும் கரைந்தது. வங்கத்து வெயிலும் இவ்வாட்டத்துக்கு ஏற்றதாயில்லை. போலோவும் டென்னிசும் எஞ்சியவர்களை ஈர்த்துக்கொண்டன. ஐந்தாறு ஆண்டுகளில் கழகம் கலைந்தது. ஆனால் வங்கியில் வெள்ளி ரூபாய்கள் மீதமிருந்தன.

ஒரு பெருவிருந்து வைத்து அத்தொகையைத் தீர்த்திருக்கலாம், தம்முட் பங்கிட்டுக்கொண்டிருக்கலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் ஒருங்கே தாங்கிய ரோத்னி என்பார், ரூபாய்களை உருக்கி ஒரு கிண்ணம் செய்து ரக்பிச் சங்கத்துக்கு அளிக்கலாம் என்று 1877-ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதினார். அவ்வண்ணமே இந்தியக் கைவினைஞரின் உளிவேலையில் வெள்ளிக் கிண்ணம் ஒன்று உருவாயிற்று. கைப்பிடிகள் மூன்றும் நாகங்கள். மூடியின்மேல் நிற்பது யானை. 1879-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் போட்டியிடுவது இந்தக் 'கல்கத்தாக் கிண்ண'த்துக்காகவே. 1988-ஆம் ஆண்டு ஆட்டக்காரர் இருவர் வெற்றிக் களிப்பும் மதுக் களிப்பும் மிகுந்த நிலையில் அதனை எடின்பரோ வீதிக்கு எடுத்துச் சென்று உருக்குலையச் செய்தனர் என்பது வேறு கதை. பின்னர் அதனைச் செப்பனிட்டனர். நம் நாட்டு வெள்ளி ரூபாய், ஒருவர் பைக்கும் போகாமல், இன்றும் மேலைநாட்டில் கிண்ணமாக நிற்கிறது.

இனி இக்காலத்துக்கு வருவோம். இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் சிற்றூர்க் கழகங்களில் புற்றுநோய் நிதிக்கான ஆட்டம் எப்படி நடைபெறுகிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு பெயர் இருக்கும். நேற்றுவரை உடன் ஆடிய தோழன், அல்லது சனிதோறும் தேநீரும் ரொட்டியும் ஆக்கிக் கொடுத்த ஒருவனுடைய அன்னை, அல்லது களத்துக்குக் கோடு கிழித்துவந்த முதியவர். அவர் நினைவில் ஆட்டம் குறிக்கப்படும். இந்நாள் ஆட்டக்காரர் ஒருபுறம். வயிறு சரிந்த முந்நாள் ஆட்டக்காரர் மறுபுறம். அன்று மட்டும் இளஞ்சிவப்பு நிறச் சட்டை அணிவாரும் உண்டு. நுழைவாயிலில் ஒரு வாளியோ உண்டிப் பெட்டியோ வைக்கப்பட்டிருக்கும். ஆட்டம் முடிந்ததும் அணிந்த சட்டைகள் சேறும் வியர்வையுமாக ஏலம் விடப்படும். குலுக்குச் சீட்டில் உள்ளூர் இறைச்சிக் கடைக்காரர் கொடுத்த ஆட்டுத் தொடையே முதற்பரிசாயிருத்தலும் உண்டு. சிறுவர் நாணயம் போடுவர். கிழவிகள் பின்னல் வேலை விற்பர். இரவில் எண்ணிப் பார்த்தால் தொகை பெரிதாயிராது. ஆயினும் மறுவாரமே அது மருத்துவமனைக்கோ, வீடுதேடிச் சென்று நோயாளியைப் பேணும் செவிலியர் அமைப்புக்கோ செலுத்தப்பட்டுவிடும். இங்கிலாந்தில் அத்தகைய அமைப்புகளுள் பழையதொன்றை 1911-ஆம் ஆண்டு தொடங்கியவர் டக்ளஸ் மக்மில்லன் என்னும் சாதாரண அரசாங்க ஊழியர். தந்தை புற்றுநோயால் பட்ட துன்பத்தைக் கண்ணெதிரே கண்டவர் அவர்.

மயிரைப் பொருளாக வைத்துப் பணம் திரட்டுவதும் இவ்வாட்டக்காரரிடையே பெருவழக்கு. 2003-ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் நண்பர் 30 பேர் நவம்பர் மாதம் முழுவதும் மீசை வளர்ப்பதென்று வேடிக்கையாகப் பந்தயம் கட்டினர். மறு ஆண்டு அதனையே புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய்க்கான நிதி இயக்கமாக்கி 54,000 ஆஸ்திரேலிய டாலர் சேர்த்தனர். இன்று அது 'மூவெம்பர்' என்ற பெயரில் பல நாடுகளிற் பரவி, ரக்பிக் கழகங்கள் பலவற்றின் ஆண்டு விழாவாகவே ஆகிவிட்டது. நம்மவரிடையே இது செல்லுபடியாகாது. மீசை வளர்த்த தமிழனுக்கு யார் காசு கொடுப்பார்? மழித்தாலன்றோ கொடுப்பார்! தலையை மழித்துக்கொள்ளும் முறையும் அங்கே உண்டு. கடும் மருந்தால் முடி உதிர்ந்த தோழன் ஒருவன் வெளியே வர நாணினால், குழுவினர் அனைவரும் மொட்டையடித்துக்கொண்டு அவனை நடுவில் அமர்த்திப் புகைப்படம் எடுத்துக்கொள்கின்றனர்; மொட்டைக்கு இவ்வளவு என்று ஊராரிடம் நிதியும் பெறுகின்றனர். பழனிக்கும் திருப்பதிக்கும் முடிகொடுத்துப் பழகிய நம் நெஞ்சுக்கு இதன் பொருளை விளக்கவேண்டா.

இவ்வளவும் சேர்ந்து ஈட்டும் தொகையைவிடப் பெரிய பயன் ஒன்றுண்டு என்பது நம் கருத்து. அதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். வலிமையே வாழ்வெனக் கருதும் இளைஞர் கூட்டத்தில் நோயின் பெயர் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் ஒருவர் எழுந்து, "விதைப்பையிற் கட்டி தட்டுப்பட்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள்" என்கிறார். ஐரோப்பிய நாட்டு இளைஞரிடையே, 15 முதல் 40 வயது வரையில், மிகுதியாகத் தோன்றுவது அவ்வுறுப்பின் புற்றே. தொடக்கத்திற் கண்டறிந்தால் ஏறத்தாழ எல்லோருமே பிழைத்துவிடக்கூடிய புற்றும் அதுவே. நாணத்தால் ஆறு மாதம் மறைத்தவன் அதற்குப் பெருவிலை கொடுக்க நேரும். மருத்துவர் அச்சிட்டுக் கொடுக்கும் துண்டுத்தாளைப் படியாதவன், உடன் ஆடும் முரடன் சொன்னாற் கேட்கிறான்.

வேல்ஸ் நாட்டு ஜானதன் டேவிசை இங்கே குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. ஊதியமில்லா ரக்பியில் புகழின் உச்சியிலிருந்தபோதே, 1989-ஆம் ஆண்டு, ஊதியம் தரும் வடபுல ஆட்டத்துக்கு மாறியவர். தடை நீங்கிய 1995-இல் திரும்பி வந்தவர். 1997-ஆம் ஆண்டு அவர் தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். பின்னர் கார்டிப் நகரத்து வெலிண்டர் புற்றுநோய் மருத்துவமனையின் நிதி அமைப்புக்குத் தலைவராகி அயராது உழைத்தார். 2015-ஆம் ஆண்டு அரசு அவருக்கு விருதளித்தபோது காட்டப்பட்ட காரணம் ரக்பி அன்று. புற்றுநோயாளர்க்குச் செய்த தொண்டே.

இத்தகைய முயற்சிகளில் குறையில்லை என்று சொல்ல மாட்டோம். தொலைவிலுள்ள மலையில் ஏறி நிதி திரட்டுகிறோம் என்று புறப்பட்டு, வானூர்திக் கட்டணத்திலேயே பாதியைக் கரைப்பவர் உண்டு. விழாவுக்குப் பந்தல், பந்தலுக்கு அலங்காரம், அலங்காரத்துக்கு விளம்பரம் என்று போய், ஈற்றில் நோயாளிக்கு எஞ்சுவது சொற்பமே என்னும் நிலையையும் காண்கிறோம். வாளியில் விழுந்த காசு வாளியோடு மருத்துவமனை செல்வதே நேர்வழி. ஊர்க் கழகங்களில் மறுவாரமே கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள்; அந்தத் தாளுக்கு நாம் மாலை போடுவோம்.

"இப்படிச் சில்லறை சேர்த்து நோயை ஒழித்துவிட முடியுமா?" என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடையாகக் கனடா நாட்டு இளைஞன் ஒருவனின் கதையைச் சொல்லவேண்டும். டெர்ரி பாக்ஸ் என்பது அவன் பெயர். சிறுவனாயிருந்தபோது ரக்பியும் கால்பந்தும் ஆடியவன். பின்னர்க் கூடைப்பந்தில் உயிரை வைத்தான். தந்தை ரயில்வேத் தொழிலாளி. 1977-ஆம் ஆண்டு, 18 வயதில், வலது முழங்காலில் எலும்புப் புற்று என்று தெரியவந்தது; முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டனர். அப்போது மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார்: நீ பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 50, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் நூற்றுக்கு 15தான். இடையில் நேர்ந்தது யாது? புதிய மருந்துகளைப்பற்றிய ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சிக்கு யாரோ எங்கோ பணம் கொடுத்திருக்கிறார்கள். முகமறியாத அவர்களுக்குத் தான் கடன்பட்டிருப்பதாக அவன் உணர்ந்தான். மருத்துவமனையில் தன்னைச் சூழ்ந்திருந்த பிள்ளைகளின் அழுகையும் அவன் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், நாட்டின் கீழைக்கோடியில், அட்லாண்டிக் கடலில் தன் செயற்கைக் காலை நனைத்துவிட்டு மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினான். நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர். பின்னால் ஒரு வண்டியில் நண்பன் ஒருவன் சோறாக்கிக் கொடுத்துக்கொண்டு வந்தான். தொடக்கத்தில் சீந்துவாரில்லை. சாலையில் வண்டியோட்டிகள் ஒதுங்கிப்போ என்று ஒலியெழுப்பினர். ஆனால் போர்ட்டோபாஸ்க் என்னும் சிற்றூரை அடைந்தபோது, 10,000 பேர் வாழும் அவ்வூரார் 10,000 டாலரைத் திரட்டிக் கையில் கொடுத்தனர். ஆளுக்கு ஒரு டாலர்! நாட்டில் 2 கோடியே 40 லட்சம் மக்கள். அத்தனை பேரிடமும் ஆளுக்கு ஒன்று பெற்றால் என்ன என்னும் எண்ணம் வலுப்பெற்றது. தன் பெயரை வைத்து எவரும் ஆதாயம் தேடலாகாது என்று வணிக நிறுவனங்களின் விளம்பரப் பணத்தை மறுத்துவிட்டான். 143 நாட்கள் ஓடி, 5,373 கிலோமீட்டர் கடந்து, செப்டம்பர் 1-ஆம் நாள் தண்டர் பே நகருக்கு அருகே நெஞ்சுவலியால் நின்றான். புற்று நுரையீரலிற் பரவியிருந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் நிதி 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆளுக்கு ஒரு டாலர் என்ற கணக்கு நிறைவேறியதை அவன் உயிரோடிருந்து கண்டான். ஜூன் 28-ஆம் நாள், 22 வயதில், மறைந்தான். அவன் நினைவில் நடக்கும் ஓட்டங்களில் பரிசில்லை, முந்தினவன் பிந்தினவன் என்ற கணக்கில்லை. உலகெங்கும் திரண்ட தொகை இன்று 80 கோடி டாலருக்கு மேற்பட்டுவிட்டது. சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் மாணவர்கள் அவ்வோட்டத்தை நடத்தியிருக்கிறார்கள்.

ஓட்டம் சென்னையைத் தொட்டது பொருத்தமே. இத்தகைய சிறுதொகையின் ஆற்றலை நம் நாட்டிலும் முன்னரே காட்டியவர் அங்கே உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். 1952-ஆம் ஆண்டு நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கிற்று. அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-ஆம் ஆண்டு மறையும்வரை டாக்டர் சாந்தாவும் செய்த பணியை நம் நேயர்கள் அறிவர். சாந்தா அம்மையார் மேடைதோறும் வற்புறுத்தியது ஒன்றே: முன்னரே வாருங்கள்.

முன்னரே வராததற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. நம் குடும்பங்களில் இந்நோயின் பெயரைச் சொல்லுவதில்லை. 'அந்த வியாதி' என்போம். 'ஏதோ கட்டி' என்போம். ராஜபிளவை என்று வேறொன்றின் பெயரைச் சூட்டி ஆறுதல் பெறுவோம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் தாயின் மார்பகக் கட்டி இரண்டாண்டு மறைக்கப்படுகிறது. தட்டு, தம்ளர் தனியே வைக்கப்படுகின்றன. இது தொற்று நோயன்று என்று படித்தவர்கள்கூடத் துணிந்து சொல்வதில்லை. நம் நாட்டு ஆடவரிடையே வாய்ப் புற்றும், பெண்டிரிடையே மார்பகப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் மிகுந்திருக்கின்றன. மூன்றும் கண்ணாலும் கையாலும் எளிய சோதனையாலும் முன்னரே அறியத்தக்கவை. வாயில் ஆறாத புண்ணைப் புகையிலை அடக்கியே மறைத்துக்கொள்ளும் மாமாக்கள் நம் சுற்றத்தில் எத்தனை பேர்! நோயோடு வெளியூர் வந்து வாழும் நம்மவர்க்கு இம்மௌனம் இருமடங்கு கொடியது. ஊரிலிருக்கும் பெற்றோரிடம் மகன் சொல்வதில்லை. மகனிடம் பெற்றோரும் சொல்வதில்லை. கடைசியில் ஒருநாள் தந்தி போல ஓர் அழைப்பு வருகிறது.

மும்பையில் வாழ்வோர்க்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. பரேலில் 1941-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்குமிருந்து நோயாளர் வருகின்றனர். இடம் கிடையாமல் நடைபாதையில் படுத்திருப்போரை அவ்வழியே செல்வோர் அனைவரும் கண்டிருப்பர். தமிழ்நாட்டிலிருந்து வருவோர், தாராவியிலோ செம்பூரிலோ மாதுங்காவிலோ உள்ள உறவினர் வீட்டுக் கூடத்தில் மாதக்கணக்கிற் தங்குகின்றனர். அவர்களுக்குப் பணத்தினும் முன்னதாக வேண்டுவன சில: வரிசைச் சீட்டில் எழுதியிருப்பதை இந்தியிலிருந்து தமிழிற் சொல்ல ஓர் ஆள், காலை 7 மணிக்கு உடன் செல்ல ஒரு துணை, அதன்பின் குருதி.

கடும் மருந்து ஏற்றுங்கால் குருதியிலுள்ள தட்டணுக்கள் குறைந்துவிடுகின்றன. மருத்துவர் பிளேட்லெட் என்று சொல்வது இவற்றையே. கொடையாளியிடமிருந்து பிரித்தெடுத்த தட்டணுக்கள் 5 நாட்களுக்கு மேல் தங்கா. ஆதலின் முன்கூட்டிச் சேர்த்துவைக்க இயலாது, வேண்டும்போது ஆள் வேண்டும். கருவி வாயிலாகக் கொடுத்து முடிக்க ஒன்று ஒன்றரை மணி நேரம் ஆகும். 48 மணி நேரம் கழிந்தபின் மீண்டும் கொடுக்கலாம். வாரத்தில் இருமுறைக்கு மேலும், ஆண்டில் 24 முறைக்கு மேலும் கூடாது என்பது விதி. ரக்பிக் குழுவில் 15 பேர். நம் குடியிருப்பு மைதானங்களில் ஞாயிறுதோறும் கிரிக்கெட் ஆடும் குழுவில் 11 பேர். எல்லோரும் உடல்நலம் வாய்ந்த இளைஞர். எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவோர். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தோர். இவர்களின் பெயர், குருதிப் பிரிவு, தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மட்டையும் பந்தும் வைத்திருக்கும் பெட்டியின் மூடியில் உட்புறமாக ஒட்டிவைத்தால், இரவு 11 மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும்போது யாரை எழுப்புவது என்று தெரியும்.